சின்ன துரையை ஏன் அனுப்பவில்லை

செசிலி,

இன்று காலை சூசை கரி லாரியை நம் வீட்டு முன்னால் நிறுத்தினார். ஜொகூர் பாருவில் கரியை இறக்கிவிட்டு நாளை இதே வழியாக உங்கள் யோங் பெங்குக்கே திரும்புவாராம். "அக்கா, உங்க பொண்ணு முயலைக் கேட்டுச்சு. நாளைக்கு வர்றப்போ ஏத்திக்கிறேன். பெட்டியில போட்டு வைங்க, முன்னாடி என் பக்கத்துலேயே வெச்சுக்கிறேன்" என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு லா. கரி சலிக்குது, மூட்டை கட்டுது, எல்லா வேலையும் செய்யுது. கொஞ்சம் இருமல். வீட்டை ஒட்டித்தானே கரிச்சூளை? பழகிடும்" என்று சிரித்தார். பெட்டி என்னவோ தயாராகத்தான் இருக்கிறது. நீ கல்யாணமாகிப் போன வாரமே உன் அப்பா அதில் காற்றுப் போக ஓட்டைகள் போட்டு வைத்துவிட்டார். ஆனாலும் நான் சின்ன துரையை அனுப்பப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவரிடம் மறைக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை. பாதி அவருக்காகவே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு நான் வந்தபோது உன் தலை என் தோள் வரைக்கும் இருந்தது. உன் அம்மாவாக எனக்கு வயது போதாது என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. அதனாலோ என்னவோ, வெளியாரிடம் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவர் மகள்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். உரிமை எடுத்துக்கொள்ள எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு அது எப்படிப் பட்டதோ, நான் கேட்டதில்லை.

ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்று நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடிய மறுநாள் ஞாபகம் இருக்கிறதா? தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. நாற்காலி, திரைச்சீலை, அரிசி மூட்டை, சவர்க்காரக் கட்டி என்று ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் யாரும் சீந்தாத புத்தகங்களை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். நீ பாவாடையை ஏந்திப் பிடித்தபடி எனக்குப் பின்னால் வந்தாய். உள்ளே இரண்டு முயல்கள். துரையின் மகள் வளர்த்தவை, கூண்டிலேயே விட்டுப் போயிருந்தார்கள். உன் அப்பா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அலாமாக்! ஊரே அரிசி தூக்கிட்டு வருது. என் வீட்டுல ஒருத்தி காகிதம் தூக்கிட்டு வர்றா, இன்னொருத்தி முயலைத் தூக்கிட்டு வர்றா. நாளைக்கு எதைத் திங்கிறது, இதையா?" என்றார். "இதைத் தொட்டீங்கன்னா நானும் சாப்பிட மாட்டேன்ப்பா" என்றாய் நீ. வெள்ளைக்குப் பெரிய துரை என்றும் சாம்பல் நிறத்துக்குச் சின்ன துரை என்றும் பெயர் வைத்தாய். ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆபீசைப் பிடித்துக்கொண்ட பிறகு, "சத்தமா துரை துரைன்னு கூப்பிடாதே புள்ள. வெள்ளைக்காரனை அடுக்களையில ஒளிச்சு வெச்சிருக்கோம்னு வந்து நிப்பானுங்க" என்று உன் அப்பா பயந்தார். அதற்குப் பிறகு நீ அவற்றைக் காதோடு காதாகத்தான் கூப்பிடுவாய்.

கூண்டை அடுக்களைச் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னது நான்தான். திருடு போகாது, மழைச்சாரல் படாது என்று நினைத்தேன். விறகுப் புகை அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கொசுவுக்காகத் தேங்காய் மட்டையைப் புகைத்தால் அதுவும் அங்கேதான் போய்த் தங்கும். மழைக்காலத்தில் கூண்டுக்கு அடியில் போட்ட புல் காயாமல், மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும். நம் கண்ணைக் கரித்தது தரையோடு படுத்திருக்கும் பிராணிக்கு என்ன செய்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பெரிய துரை தும்ம ஆரம்பித்தது. முன்னங்கால்களின் உள்பக்கத்து மயிர் ஈரமாகத் திரிதிரியாக ஒட்டியிருந்ததை நீதான் முதலில் பார்த்தாய். "தண்ணிக் கிண்ணத்துல காலை விட்டிருக்கும்" என்றேன். அது மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்த ஈரம். பிறகு ஒரு நாள், "சித்தி, துரை தூங்கவே மாட்டேங்குது. தலையைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருக்கு" என்றாய். நான் ஒரு பங்களாப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. "தூங்குது பார், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு விட்ட வரிக்குத் திரும்பினேன். சக்கரைவள்ளிக் கொடியை அது தொடாமல் விட்டிருந்ததும் என் கண்ணில் பட்டது. பட்டதோடு சரி.

அடுத்த நாள் அதன் விலா அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும்தான் நான் எழுந்தேன். எழுந்து செய்ததைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. சின்ன வயதில் உனக்கு நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் உன் தலையைத் துவட்டி, கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணி போட்டு, அதன்மேல் கூந்தலை விரித்து உட்கார வைப்பேன். இந்த வீட்டில் எனக்கு முதன்முதலில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். பெற்றவளைப் போலப் பார்க்கிறாளே என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். முயலுக்கும் அதையே செய்தேன். ஜப்பான் சண்டைக்கு முன் வாங்கிய சாம்பிராணி டப்பாவின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் ஒரு முயலுக்காகச் சுரண்டிப் போடுகிறேனே என்று எனக்குள் ஒரு பெருமைகூட. சிரட்டைக் கங்கில் அதைத் தூவி, பெரிய துரையைக் கோழிக் கூடைக்குள் விட்டு, தூபக்காலைப் பக்கத்தில் வைத்து, மேலே பழைய துணியைப் போர்த்தினேன். உள்ளே தும்மியது. நகத்தால் கூடையைப் பிறாண்டியது. பிறகு சத்தமே இல்லை.

"எடுத்துடலாம் சித்தி."

"பொறு. பார், எப்படி அடங்கிடுச்சு. உனக்கும் இப்படித்தானே சரியாச்சு?"

துணியை விலக்கியபோது அது கழுத்தை மேலே நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு முயல் வாயால் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. பதறிப்போய்க் கைக்குழந்தையைப் போல அதை மல்லாத்தி மடியில் போட்டுக்கொண்டு, கரண்டியால் வெந்நீர் புகட்டினேன். நான் தெரிந்து வைத்திருந்த தாய்மை எல்லாம் அவ்வளவுதான். அத்தனையும் அதற்கு எமனாகிவிட்டது. என் மடியிலேயே அது கனத்துப்போயிற்று. நீ அழவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பழைய துணியை மடித்து எடுத்து வைத்தாய். நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று நினைத்து அன்று நான் நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த நிம்மதியை நினைத்தால் கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் சின்ன துரையை நான் பார்க்கவே ஆரம்பித்தேன். புத்தகத்தைப் படிப்பதைப் போலத்தான். அவசரமில்லாமல், புரியாததைத் திரும்பத் திரும்ப. உனக்கும் இதெல்லாம் தெரியும், நீயும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டும். முயல் மூக்காலேயே மூச்சு விடும் பிராணி. நிம்மதியாக இருந்தால் மூக்கு மெல்லத் துடிக்கும், அயர்ந்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். நாசித்துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் அகல விரிந்தால், தலை பின்னுக்குச் சாய்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தால், முன்னங்கால் முட்டிகள் வெளிப்பக்கம் அகன்றிருந்தால், வயிறும் விலாவும் துருத்தி போல வேலை செய்தால், அது மூச்சுக்காகப் போராடுகிறது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தே இருக்கும். கிட்டே காதை வைத்தால் கரகரப்போ விசிலோ கேட்கலாம். வாய் திறந்துவிட்டால் கடைசிப் படிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல காலமாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே மாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். வாய் திறப்பதற்கு முன்பே, தீனியைத் தொடாதபோதே ஓடியிருக்க வேண்டும். முயல் கத்தாது. நரிக்கும் பாம்புக்கும் இரையாகிற பிராணி. வலியைக் காட்டிக்கொண்டால் செத்தோம் என்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது போலும். அதனால் முடிந்தவரை ஒன்றும் இல்லாதது போலவே உட்கார்ந்திருக்கும்.

அடுத்த மழையில் சின்ன துரையும் தும்மியது. அந்தத் தடவை உன் சொல்லை நான் கேட்டேன். கூண்டை அடுக்களையிலிருந்து தூக்கி, காற்று வருகிற, ஆனால் சாரல் படாத பின்பக்கக் கூரை இறவாணத்துக்குக் கீழே வைத்தோம். புல்லைத் தினமும் மாற்றினோம். தூசி பறக்கிற காய்ந்த லாலான் புல்லை நிறுத்திவிட்டு, இளம்புல்லையும் காங்கோங் கீரையையும் கழுவி உதறிப் போட்டோம். உன் அப்பாவிடம் கொசுப்புகை இனி முன்வாசலில்தான் என்று சொன்னேன். "கொசு கடிச்சு மனுசன் காய்ச்சல்ல படுக்கணும், முயல் மட்டும் சொகமா தூங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொரு நாள் கிண்ணத்தில் கஞ்சியோடு வந்து நின்றார். "ரெண்டு கரண்டி ஊத்திட்டா தெம்பு வரும்" என்றார். "வேணாங்க. மூச்சு வாங்குறப்போ வாயில ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிடும்" என்றேன். மூக்கு அடைத்திருந்தபோது வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாய். துரத்திப் பிடிக்கவில்லை, மல்லாத்தவில்லை, நெஞ்சை அழுத்தித் தூக்கவில்லை. கீழே ஒரு கை, பின்னால் ஒரு கை. மற்ற நேரமெல்லாம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அது பிழைத்தது. நாம் செய்ததால் பிழைத்ததா, தானாகவே தேறியதா, எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நாம் அதை மோசமாக்கவில்லை, அது மட்டும் தெரியும்.

இவ்வளவு கற்றுக்கொண்ட நான்தான் உன் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். சியாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டு போகிற நேரம். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயம். "பெட்ரோல் இல்லாத காலம், கரி இல்லாம ஜப்பான்காரன் லாரி ஓடாது. அந்த வேலையில இருக்கிறவனைச் சியாமுக்கு இழுத்துட்டுப் போக மாட்டாங்க. புருசன்னு ஒருத்தன் அவ கூடவே இருப்பான்" என்றார் உன் அப்பா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். கழுவியும் போகாத கரி அவர் நகக்கண்ணில் இருந்தது. வெட்கப்பட்டுக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நல்ல பிள்ளை என்று அப்போதே எனக்குப் பட்டது. பிழை அவரிடம் இல்லை. உன் நெஞ்சு எப்படிப்பட்டது என்று அறிந்திருந்தும், கரிச்சூளையை ஒட்டி வீடு என்று காதில் கேட்டும், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காத நான்தான் பிழை. உரிமை எடுத்துக்கொள்ள மறுபடியும் கூச்சப்பட்டேன். அவர் மகள், அவர் முடிவு என்று ஒதுங்கி நின்றேன்.

உன்னை மட்டும் அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னம்மா சொல்றே?" நீ சின்ன துரைக்குக் கொடி கிள்ளிக்கொண்டிருந்தாய். "நீங்க சொன்னா சரி சித்தி" என்றாய். நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வெட்கம் என்று வைத்துக்கொண்டேன். கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து, மரவள்ளி மாவில் சுட்ட பலகாரத்தை எல்லாருக்கும் கொடுத்து, என் சேலையைக் கட்டிக்கொண்டு நீ லாரியில் ஏறினாய். வண்டி கிளம்பும்போது கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகையை அடக்குகிறாள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பி வந்து கூண்டைத் திறக்கும்வரை, அந்தக் கழுத்தை வேறு எங்கே பார்த்தேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சின்ன வயதில் சாம்பிராணிப் புகையில் உன்னை உட்கார வைத்தேனே, உனக்கு உண்மையிலேயே அது சுகமாக இருந்ததா? இல்லை, நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக இருமலை விழுங்கிக்கொண்டு அடங்கி உட்கார்ந்திருந்தாயா? பதிலை எழுதவேண்டாம். நேரில் சொல்.

மாப்பிள்ளை, இனி உங்களுக்கு. அவள் இருமல் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் நெஞ்சு சிறுவயதிலிருந்தே இழுக்கிற நெஞ்சு, இதைக் கல்யாணத்துக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். கரி சலிக்கிற வேலையை அவளிடமிருந்து வாங்கிவிடுங்கள். காற்று சூளைப் பக்கமிருந்து வீசாத மூலையில் படுக்கையைப் போடுங்கள். அவள் கேட்கமாட்டாள், நீங்களேதான் செய்ய வேண்டும். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாளா, படுக்காமல் உட்கார்ந்தே தூங்குகிறாளா, பேசும்போது பாதியில் மூச்சுக்கு நிற்கிறாளா என்று பாருங்கள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்பதோடு அவளையும் பாருங்கள். இருமல் அடங்கும்வரை கொஞ்ச நாள் இங்கே அனுப்பி வையுங்கள். உங்களைவிட்டுப் பிரிக்கவில்லை. சூளை மூடியிருக்கும் நாட்களில் நீங்களும் வந்து இருக்கலாம். அந்தக் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சின்ன துரை இப்போது இறவாணத்துக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருக்கிறது. மூக்கு ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. அதைப் புகைக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காலையில் இதைச் சூசையிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு முயலுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே அக்கா" என்றார். உன்னை அனுப்பும்போது இதில் பாதி யோசிக்கவில்லையே.

அந்த முன் இருக்கையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். நாளைக்கு நான் எழுதித் தரும் கடிதம் மட்டும் அதில் வரட்டும், அடுத்த தடவை யோங் பெங்கிலிருந்து கரி ஏற்றி வரும்போதும் அந்த இடம் எனக்கு வேண்டும் என்றேன்.

"முயல்தான் இங்கே இருக்கே அக்கா. அங்கேயிருந்து யாரை ஏத்திக்கிட்டு வர்றது?"

"என் பொண்ணை" என்றேன்.

சித்தி